ஒரே பாரதம், ஊருக்கு ஊர் கூத்து

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் செஞ்சி வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் கைப்பேசிக்குள் ஓர் அரசுப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. நெற்றிப் பலகையில் விழுப்புரம் என்று எழுதியிருந்தது. வண்ணம், படிக்கட்டு, ஜன்னல் கம்பி எல்லாம் நம் கோட்டத்து வண்டிதான். அது போய்க்கொண்டிருந்த சாலை மட்டும் இந்தோனேசியாவில் இருந்தது.

இந்தோனேசியாவின் மலேயோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டு அது. நம் ஊர்ப் பேருந்துகளை அச்சு அசலாகச் செய்து அதற்குள் ஏற்றிவிடும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். விளையாட்டைச் செய்தவர்கள் கொடுக்காத ஒன்றை விளையாடுகிறவர்களே செய்து சேர்த்தால் அதற்கு 'மாட்' என்று பெயர்.

"தம்பி, இதுல ஏறுறவங்க யாரு, எங்க போறாங்கன்னு ஏதாவது கதை இருக்கா?"

"இல்ல சார். சும்மா ஏறுவாங்க, இறங்குவாங்க."

"ஒரு பாட்டி ஏறி, செஞ்சியில பேத்திக்கு மருந்து குடுக்கணும், சீக்கிரம் போப்பான்னு சொன்னா நல்லாருக்கும்ல?"

"வண்டி மாத்தலாம் சார். பாட்டியெல்லாம் வைக்க முடியாது."

வண்டி ஏன் எளிது, பாட்டி ஏன் கடினம் என்பது மென்பொருள் வடிவமைப்பில் மிக நல்ல கேள்வி. அதற்கான பதிலில் பாதி நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் இருக்கிறது என்று நெடுநாளாக எனக்கு ஓர் எண்ணம்.

முதலில் வண்டி. பேருந்து மாட் என்பது ஒரு பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பொருளை வைப்பது. சக்கரம் எங்கே, கதவு எங்கே, விளக்கு எங்கே என்று விளையாட்டு சில கேள்விகளைக் கேட்கும். பதில் சொல்லிவிட்டால் வண்டி ஓடும். உங்கள் வண்டிக்கும் என் வண்டிக்கும் பேச்சுவார்த்தை தேவையில்லை. 1993-இல் வந்த 'டூம்' விளையாட்டில் படம், ஒலி, நிலவரைபடம் எல்லாவற்றையும் இயங்கும் நிரலிலிருந்து பிரித்து 'வாட்' என்ற தனிக் கோப்பில் வைத்திருந்தார்கள். நிரலில் கை வைக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்ற வழி கிடைத்ததும் மாட் செய்கிறவர்கள் பெருகினார்கள். நம் பையன்களின் பேருந்துகளும் அந்த வழியில் வந்தவையே.

பாட்டியின் சங்கதி வேறு. விளையாட்டுக்குள் ஒருவர் ஒரு வேலை கொடுக்க, நாம் அதை முடிக்கக் கிளம்பினால் அது 'குவெஸ்ட்'. பாட்டி ஏறினாளா, மருந்துப் பை கையில் இருக்கிறதா, செஞ்சி வந்துவிட்டதா என்று அது கதையின் நிலையை நினைவில் வைக்க வேண்டும். 2002-இல் வந்த 'மாரோவிண்ட்' இதை எண்களால் செய்தது. ஒவ்வொரு குவெஸ்டுக்கும் ஒரு நாட்குறிப்பு எண் உண்டு. எண் இருபதைத் தாண்டியிருந்தால் ஊர்க்காரர் ஒரு மாதிரி பேசுவார், தாண்டாவிட்டால் வேறு மாதிரி பேசுவார். எண்களைப் பத்து, இருபது, முப்பது என்று இடைவெளி விட்டுப் போடுவது வழக்கம். பின்னால் நடுவே ஏதாவது நுழைக்க வேண்டி வந்தால் இடம் வேண்டுமே. கணினி அறிவியலில் இதற்கு நிலைப்பொறி என்று பெயர்: சில நிலைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக சில நிபந்தனைகள்.

விழுப்புரம் சந்திப்பில் நின்று பார்த்தால் இது எளிதில் விளங்கும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பாதை, விருத்தாசலம் பக்கம் ஒன்று, கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. வண்டி எந்தப் பாதையில் திரும்பும் என்பதை முள் மாற்றும் கருவி முடிவு செய்கிறது. முன்னால் பாதை வெறுமையாக இல்லாவிட்டால் சைகை விழாது. குவெஸ்டின் நிலைகள் நிலையங்கள், நிபந்தனைகள் சைகைகள். ஒரே ஒரு சந்திப்பை ஒரே அலுவலகம் நடத்தும்வரை சிக்கலில்லை. ஒருவரையொருவர் பார்த்தேயிராத நூறு பேர் ஆளுக்கொரு முள் மாற்றும் கருவியை நட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும்? மாட் உலகத்தின் தலைவலி அதுதான்.

கணக்கும் பயமுறுத்துகிறது. ஆம், இல்லை என்று இரண்டே பதில் உள்ள ஒரு கொடி இரண்டு நிலைகளைத் தரும். பத்துக் கொடிகள் சேர்ந்தால் 1,024 நிலைகள். இருபது சேர்ந்தால் 10,48,576. முப்பதில் 107 கோடியைத் தாண்டிவிடும். முப்பது கொடி என்பது நடுத்தரமான இரண்டு குவெஸ்ட் மாட்களுக்குள் அடங்கிவிடும் எண்ணிக்கை. எல்லாச் சேர்க்கையையும் விளையாடிப் பார்த்துச் சோதிப்பது யாராலும் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் எழுதிய கதையில் ஊர்க் கொல்லர் கொலையாகிறார், துப்புத் துலக்க வேண்டும். நான் எழுதிய கதையில் அதே கொல்லர் நாயகனுக்கு வாள் அடித்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் இரண்டையும் சேர்த்து நிறுவினால் என் கதை செத்துப்போகும். 2011-இல் வந்த 'ஸ்கைரிம்' போன்ற விளையாட்டுகளில் இன்னொரு விதியும் உண்டு. ஒரே பதிவை இரண்டு மாட்கள் மாற்றினால், வரிசையில் கடைசியாக ஏற்றியது வெல்லும். முந்தியவர் கொல்லரின் கடையைப் பெரிதாக்கியிருப்பார், பிந்தியவர் அவருடைய மீசையை மட்டும் மாற்றியிருப்பார். ஆனாலும் பிந்தியவரின் கோப்பில் கொல்லரின் முழுப் பதிவும் இருப்பதால், முந்தியவர் செய்தது தடமில்லாமல் மறைந்துவிடும்.

இதைச் சரிக்கட்ட இரண்டிரண்டு மாட்களுக்கு நடுவே ஒட்டுக் கோப்புகள் எழுதுகிறார்கள். இருபது மாட்களுக்குள் 190 இணைகள் உண்டு, நூறு மாட்களுக்குள் 4,950. எல்லா இணையும் மோதாதுதான். ஆனால் எது மோதும் என்று முன்கூட்டித் தெரியாது. எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு பொதுச் சட்டகம் இருந்தால், ஒவ்வொரு மாட்டும் அந்தச் சட்டகத்தோடு மட்டும் பொருந்தினால் போதும். இருபது மாட்களுக்கு இருபது பொருத்தங்கள். பொதுக் குவெஸ்ட் சட்டகம் வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கைவிடப் பெரிய காரணம் இல்லை.

அந்தச் சட்டகம் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குப் பாரதக் கூத்து நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி 1988-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதன் மையம் நம் செஞ்சிப் பகுதி. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியின் கோயிலைத்தான் மூலக்கோயிலாக மரபு சொல்கிறது. அங்கிருந்து சுற்றிலும் எத்தனையோ ஊர்களில் பாரதத் திருவிழா நடக்கிறது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தை வைத்துக் கதை சொல்வார். இரவில் கூத்து ஜமா அதே கதையை விடிய விடிய ஆடும். இவற்றோடு கோயில் சடங்குகள் தனியாக நடக்கும். ஊருக்கு ஊர் நாள் கணக்கு மாறும், ஜமா மாறும், வாத்தியார் மாறுவார். ஆனால் வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, களப்பலி, பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று கேட்டால் எந்த ஊர்க்காரருக்கும் வரிசை தெரியும்.

சட்டகம் நிலைநிறுத்தியது இந்தச் சில கணுக்களை மட்டும். இரண்டு கணுக்களுக்கு நடுவே ஜமாவுக்கு முழு உரிமை. தூதுக்குப் போன கிருஷ்ணனிடம், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் உள்ளூர் ஏரியில் தண்ணீர் இல்லாததைப் பற்றிக் கேட்கலாம். துரியோதனன் அரை மணி நேரம் கூடுதலாகப் பாடலாம். ஆனால் பதினெட்டாம் போர் விடியலுக்குள் முடிந்தாக வேண்டும். காலையில் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் படுத்திருக்கிறது. கூத்தில் ஆடியவர்கள் இறங்கி அங்கே போக வேண்டும், அம்மன் கூந்தல் முடிய வேண்டும், மாலையில் தீக்குழி. கூத்தும் சடங்கும் ஒன்றுக்கொன்று காத்திருந்து சேரும் இடம் படுகளம். ஒன்றுக்கொன்று தெரியாமல் ஓடும் நிரல்கள் ஒரு புள்ளியில் நின்று எல்லாரும் வந்தாயிற்றா என்று பார்த்துப் புறப்படுவதைக் கணினியில் ஒத்திசைவுத் தடுப்பு என்பார்கள். படுகளம் அப்படிப்பட்ட தடுப்பு.

பணவசதி இல்லாத ஊர் சில இரவுகளைக் குறைத்துக்கொள்ளும். கூத்தாக ஆடாத பகுதியைப் பிரசங்கியார் பகலில் சொல்லிவிடுவார், கதை அறுந்து நிற்காது. நல்ல சட்டகத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும். ஒரு கணுவை நிரப்ப யாரும் மாட் எழுதவில்லை என்றால், அடிப்படை விளையாட்டே ஓர் எளிய வடிவத்தைத் தந்து கடத்திவிட வேண்டும். அடுத்த கணுவைச் செய்தவர் முந்தையதை யார் செய்தார் என்று கேட்கக் கூடாது.

அடுத்தது வேஷம். கூத்தில் 'தருமன் எங்கே?' என்று தேடினால் அது ஆளைத் தேடுவது ஆகாது. நேற்றுத் தருமனாக வந்தவர் இன்று வேறு வேஷம் கட்டியிருக்கலாம். முகத்தில் அரிதாரமும் தோளில் புஜக்கட்டையும் தலையில் கிரீடமும் யாருக்கு ஏறியிருக்கின்றனவோ அவரே தருமன். ஸ்கைரிமின் குவெஸ்ட் அமைப்பில் 'ஏலியாஸ்' என்றொரு வசதி உண்டு, அதை வேஷம் என்றே மொழிபெயர்க்கலாம். 'கொல்லர் இன்னார்' என்று எழுதாமல், 'இந்த ஊரில் உயிரோடு இருக்கும், வாள் அடிக்கத் தெரிந்த ஒருவர்' என்று நிபந்தனை எழுதினால் விளையாட்டு தானே ஆளைத் தேடி அந்த இடத்தில் நிறுத்தும். உங்கள் கதையில் கொல்லர் கொலையானாலும் என் கதைக்கு அவருடைய தம்பியோ பக்கத்து ஊர்க் கொல்லரோ கிடைப்பார். மாரோவிண்டில் முக்கியமான ஆளைக் கொன்றுவிட்டால், கதையின் இழை அறுந்துவிட்டது, பழைய சேமிப்புக்குத் திரும்பு என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வரும். வேஷத்தை ஆளிடமிருந்து பிரித்துவிட்டால் அந்த அறிவிப்புக்குப் பெரும்பாலும் வேலையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் கட்டியங்காரனிடம் இருக்கிறது. ஒவ்வொரு பெரிய வேஷமும் திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டு வரும். திரை விலகியதும் கட்டியங்காரன் நீ யார், எங்கிருந்து வருகிறாய், எதற்காக வந்தாய் என்று கேட்பார். வந்தவர் பேரும் குலமும் காரணமும் சொல்லியாக வேண்டும். சபையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட உலகத்தில் புதிதாக யார் நுழைந்தார் என்று தெரிந்துவிடும். மென்பொருளில் இரண்டு பகுதிகள் பேசத் தொடங்குமுன் செய்துகொள்ளும் அறிமுகம் இதைப் போன்றதுதான்: என் பெயர் இது, என் பதிப்பு இது, எனக்கு இவை தேவை, நான் இவற்றைத் தருகிறேன். சட்டகத்தின் வாசலில் ஒரு கட்டியங்காரனை நிறுத்திவிட்டால், பொருந்தாத மாட் விளையாட்டு பாதியில் நொறுங்கும்வரை உள்ளே ஒளிந்திருக்க முடியாது.

அவர் செய்யும் இன்னொரு வேலை இடையில் புகுந்து பேசுவது. ராஜாக்களின் பேச்சை நிறுத்தி ஒரு கேள்வி கேட்பார், பதில் வாங்குவார், பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். 2000-இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 2' விளையாட்டுக்கு வெஸ் வெய்மர் என்ற கணினி அறிஞர் 'வைடியூ' என்ற கருவியை எழுதினார். அதுவரை உரையாடல் கோப்பை மாற்ற விரும்பியவர் முழுக் கோப்பையும் தன்னுடையதால் மூடிவிடுவார். வைடியூ வந்தபின், இருக்கும் உரையாடலின் நடுவில் புதிய பாத்திரம் ஒரு வரி சொல்லிவிட்டு ஒதுங்கவும், பழைய பேச்சு தன் பழைய கிளைகளோடு தொடரவும் முடிந்தது. ஐந்து மாட்களின் ஐந்து பாத்திரங்கள் ஒரே காட்சியில் ஆளுக்கொரு வரி பேசலாம். 'ஸ்டார்டூ வேலி' விளையாட்டின் 'கன்டென்ட் பேச்சர்' இதே வழியைப் பின்பற்றுகிறது. கோப்பை மாற்றாதே, எந்த நிபந்தனையில் எந்த வரியை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல் என்கிறது அது.

பெயர்களையும் சொல்ல வேண்டும். 'மைன்கிராஃப்ட்' மாட்களில் ஒரு காலத்தில் ஆளாளுக்குச் செம்புக் கட்டி செய்தார்கள். ஒருவர் செய்த செம்பு இன்னொருவர் செய்த இயந்திரத்துக்குள் போகாது. 'ஃபோர்ஜ்' என்ற பொதுத் தளம் ஓர் அகராதியை வைத்தது. உன் செம்பை இந்தப் பொதுப்பெயரில் பதிந்துவிடு, யாருடைய இயந்திரமும் வாங்கிக்கொள்ளும் என்றது. மாரோவிண்டின் வரைபடத்துக்கு அப்பாலுள்ள நிலத்தை 2001-இலிருந்து தன்னார்வலர்களாகவே கட்டிவரும் 'டாம்ரியல் ரீபில்ட்' குழு, ஒத்த நோக்கமுள்ள மற்றொரு திட்டத்தோடு ஒரே தரவுக் கோப்பைப் பங்கிட்டுக்கொள்கிறது. பொதுப்பெயர் ஒருபுறம் இருக்க, நம் பெயருக்கு முன் ஊர்ப் பெயர் வருவது போல, ஒவ்வொரு பெயருக்கும் அது எந்த மாட்டுக்குரியது என்பதை முன்னெழுத்தாகப் போடுவதும் அவசியம். ஸ்கைரிமில் அந்த முன்னெழுத்துக்குப் பதினாறடிமான எண்ணில் இரண்டே இலக்கம் ஒதுக்கினார்கள். இரண்டு இலக்கத்தில் 256 எண்கள்தான் அடங்கும். ஆகவே ஒரே நேரத்தில் ஏற்றும் முழு மாட்களின் எண்ணிக்கை 255-ஐ ஒட்டி நின்றுவிட்டது. மைன்கிராஃப்ட் எழுத்தால் ஆன பெயரை முன்னால் வைத்ததால் அங்கே இந்த முட்டல் இல்லை. நம் பாரதத்திலும் இப்படித் தனிப் பெயரோடு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் காவலாக நிற்கும் முத்தால் ராவுத்தரை வியாசர் அறியமாட்டார். இசுலாமிய வீரர் அவர். ஆனால் மூலக்கதையின் எந்தப் பெயரோடும் மோதாமல், தன் பெயரில், தனக்கென்று ஓர் இடத்தில் நிற்கிறார். போத்துராஜாவும் அப்படியே.

கடினமான சோதனை அரவான். வியாச பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் உலூபிக்கும் பிறந்த இவன் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். தமிழில் 9-ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே, போருக்கு முன் காளிக்குக் களப்பலியாகிறவனாக வந்துவிட்டான். நம் பக்கத்துக் கதையில் வெட்டுண்ட தலை பதினெட்டு நாளும் போரைப் பார்க்கிறது. கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழாவில், பலிக்கு முந்தைய இரவு மோகினி வடிவில் வந்த கிருஷ்ணனை அவன் மணக்கிறான். திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கூவாகம் 2019-இலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

ஒரே பாத்திரத்தின் மீது இத்தனை மாற்றங்கள். 'அரவான் உயிரோடிருக்கிறானா' என்று ஒரே ஒரு கொடியை வைத்திருந்தால் இந்தக் கதைகள் ஒன்றையொன்று அழித்திருக்கும். மரபு அப்படிச் செய்யவில்லை. சில சொல்முறைகளில் அவன் தன் சதையை அரிந்து கொடுத்துப் பலியை நிறைவேற்றிவிட்டு, உயிர் தாங்கி எட்டாம் நாள் வரை நிற்கிறான். சிலவற்றில் உடல் போனபின் வரத்தால் பார்வை நிற்கிறது. பலி கொடுத்தாயிற்று, மணம் நடந்தது, போரில் வீழ்ந்தான், தலை பார்க்கிறது என்று நடந்தவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாகப் பதிவாகியிருக்கின்றன. முந்தியதை அழித்து எழுதியவர் யாருமில்லை. அவரவர் தம் செய்தியைச் சேர்த்து, பழையதோடு பொருந்த ஒரு வரத்தை இடையில் வைத்திருக்கிறார்கள்.

பொதுச் சட்டகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். இப்போது என்ன நிலை என்பதை ஒரு கொடியில் எழுதி அழித்து எழுதக் கூடாது. என்னென்ன நடந்தது என்று ஒரு பேரேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே போக வேண்டும். எழுதியதை யாரும் அடிக்கக் கூடாது. ஒவ்வொரு குவெஸ்டும் பேரேட்டைப் படித்துத் தனக்கு வேண்டிய நிலையைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். வங்கிக் கணக்கில் இருப்புத் தொகை வரவு செலவுகளிலிருந்து பிறப்பதைப் போல. ஒரு மாட்டைப் பாதி விளையாட்டில் நீக்கிவிட்டால் இன்று சேமிப்புக் கோப்பில் அதன் எச்சங்கள் அநாதையாகத் தொங்கி விளையாட்டைக் கெடுக்கின்றன. பேரேட்டு முறையில் அந்த வரிகளைப் படிக்க ஆளில்லை, அவ்வளவே. மற்றவர்களுக்குச் சேதமில்லை. பேரேடு நீண்டுகொண்டே போகும், அவ்வப்போது சுருக்கி வைக்க வேண்டும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை.

பேரேட்டால் தீராத ஒரு சிக்கலும் உண்டு. ஒரு குவெஸ்ட் கொல்லரைப் பிடித்துக்கொண்டு கோயில் திடலுக்காகக் காத்திருக்கிறது. இன்னொன்று திடலைப் பிடித்துக்கொண்டு கொல்லருக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. முட்டுக்கட்டை என்ற நம் சொல் இதற்கு அப்படியே பொருந்தும். எல்லாரும் ஒரே வரிசையில்தான் எதையும் கேட்க வேண்டும், முதலில் இடம், பிறகு ஆள் என்று விதி வைத்தால் முட்டுக்கட்டை விழவே வழியில்லை.

செஞ்சி வண்டி இன்னும் வரவில்லை. பையனிடம் பேனா இருந்தது. பழைய பயணச்சீட்டின் பின்பக்கத்தில் பாட்டியின் கதையை எழுதத் தொடங்கினோம். வேஷம்: மருந்துப் பையோடு ஒருவர், வயது அறுபதுக்கு மேல். வாசல்: திண்டிவனம் நிலையத்தில் வண்டி நின்றதும். பேரேட்டில் முதல் வரி: பாட்டி ஏறினாள். அடுத்த வரி: செஞ்சியில் இறங்கினாள். நடுவில் என்ன பேசுகிறாள் என்பதை யாரும் எழுதிச் சேர்க்கலாம் என்று இடம் விட்டோம்.

அவன் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், பாட்டி ஏறும்போது வண்டி ஃபுல்லா இருந்தா?"

நான் அதை எழுதியிருக்கவில்லை. பேனாவை அவனிடமே கொடுத்தேன்.